மிருதங்கத்துக்குப் பிசைந்த மாவு

பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வருஷத் திதி வருகிறது. கோயிலில் எல்லார் முன்னும் வாசிக்க, வாத்தியாரைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று பஜனைக் குழுவினர் கேட்டார்கள். வாத்தியாரைப் பற்றி எழுத அவர்களே போதும். நான் உங்களுக்கு எழுதுகிறேன். வேண்டுமானால் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

அங்கே சௌக்கியமா? இங்கே மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி அப்படியே நிற்கிறது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம், அதனால் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி கொண்டுபோக விடுவதில்லை. ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் வெறுங்கையோடு போய்ப் பசியோடு திரும்புகிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். நீங்கள் இருந்தபோதும் எரிந்தது, இப்போதும் எரிகிறது. வேலை முடிந்து நம் வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள். பாடம் தொடங்கும் முன்னே மிருதங்கத்தைக் காட்டி, இது எந்த மரம், இது எந்தத் தோல், இந்தப் பக்கம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆர்மோனியத்தைத் திறந்து காற்று போகிற வழியைக் காட்டுவீர்கள். கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் தொடாதே என்பீர்கள். அவர்களிடம் இத்தனை பேச்சு. என்னிடம் பேசியது என்ன? குழம்பில் உப்பு குறைவு என்பதுதானே?

அவர்களிலும் அந்தச் செல்லம்மா. பொம்பளைக்கு எதற்கு மிருதங்கம் என்று தோட்டமே பேசியது. நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு நல்ல காது என்று என்னிடமே வந்து சொன்னீர்கள். எனக்கு மட்டும் காது இல்லையா?

மிருதங்கத்தின் இடப்பக்கத்தைத் தொப்பி என்பீர்கள். வாசிக்கும் முன் அதன் நடுவில் ரவை மாவைப் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் கனத்த நாதம் வரும். இதுகூட நான் அடுப்படியில் இருந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். வெள்ளிக்கிழமைதோறும் அந்த மாவைப் பிசைந்தது யார்? "பாக்கியம், மாவு" என்பீர்கள். நான் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவேன்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, செல்லம்மா மாவு கேட்டு வந்தாள். முடியாது என்றேன். வாத்தியாரிடம் எல்லாம் படித்தவள், இதையும் பிசைந்துகொள்ளட்டுமே!

போன மாதம் தம்பின் டவுன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா. நம் பஜனைக் குழுவுக்கு அழைப்பு வந்தது. ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டுமே, பகலிலேயே லோரி வந்து நின்றது. போன உடனே வாசிக்க வேண்டும் என்று செல்லம்மா வீட்டிலேயே மாவைப் பிசைந்து, வாழை இலையில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அது சாப்பிடுகிற பொருள் என்பதே அவள் நினைப்பில் இல்லை.

கேட்டில் சோதனை செய்த மலாய்க்காரப் போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். காட்டில் யாருக்கு இது என்று கேட்டார். கோலா பிலா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், ஜீப்பில் ஏறு என்றார். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பினார்கள் என்று உங்களுக்கே தெரியும். வழியனுப்ப வந்த கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன்.

செல்லம்மா அழவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து, மிருதங்கத்தை மடியில் வைத்து, தெரிந்த மலாயில் அவருக்குப் பாடம் நடத்தினாள். இது பலா மரம், இது ஆட்டுத்தோல், இது எருமைத்தோல் என்று எல்லாம் உங்கள் தோரணையிலேயே. மாவில்லாத தொப்பியைத் தட்டிக் காட்டினாள். பிறகு மாவை அப்பினாள். ஒட்டவில்லை. வறண்ட மாவு பிளந்து ரோட்டில் உதிர்ந்தது. மறுபடி அப்பினாள், மறுபடி உதிர்ந்தது. போலீஸ்காரர் அவள் தோளைத் தொட்டு எழுந்திரு என்றார்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? உங்கள் செல்ல மாணவிக்கு இது வரவில்லை! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தோடே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மிச்ச மாவை அவளிடமிருந்து பிடுங்கினேன். கேட்டோரக் குழாயில் கையை நனைத்து, பிசைந்து, இழுத்துப் பார்த்து, நானே அப்பினேன்.

"இப்ப தட்டு," என்றேன்.

தட்டினாள். உங்கள் தொப்பி பேசியது. போலீஸ்காரர் குனிந்து, தானும் ஒரு விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். திரும்பும்போது சுரண்டிய மாவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அதையும் இலையில் மடித்து வந்து காட்டினார்கள்.

லோரியில் ஏறும்முன் செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரு எப்பவும் சொல்வாருக்கா. மத்ததெல்லாம் நான் சொல்லித் தந்துருவேன், மாவு மட்டும் பாக்கியத்தோட கைப்பக்குவம், அது எனக்கே வராதும்பாரு. பாதி நாதம் அவளோடதுதான்னு சொல்வாரு."

இதை அவளிடம் சொன்னீர்கள். குழுவில் எல்லாரிடமும் சொன்னீர்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்? என்னைப் பற்றிய நல்ல வார்த்தையைக்கூட அவள் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பாதி உங்களை நினைத்து, பாதி அவளை நினைத்து.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் உங்கள் மணைப்பலகையில் நான் உட்காரப் போகிறேன். தாளமெல்லாம் அவர்கள் பாடு. தொப்பிப் பாடம் என்னுடையது. எவ்வளவு தண்ணீர், எந்தப் பதத்தில் கையை எடுப்பது, எல்லாம் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவேன். இது சத்தியம்.

செல்லம்மாவுக்கும் சொல்லித் தருவேன். ஆனால் எல்லாருக்கும் கடைசியில்தான். கோயிலில் இதை வாசிக்கும்போது அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாதி நாதத்துக்குச் சொந்தக்காரியான
உங்கள் மனைவி,
பாக்கியம்