அக்கரையில் நிற்கும் ஆம்புலன்ஸ்

நவம்பர் 14, வெள்ளி, இரவு 11.40.

ஆம்புலன்ஸ் செயலியின் தரவுத்தளத்தில் நான் சேர்த்த ‘அருகில் உள்ள வண்டி’ தேடலை இன்று சோதித்தோம். சோதனைக்கு வைத்த நோயாளி இக்கரையில், அது காட்டிய வண்டி தாமிரபரணிக்கு அக்கரையில். நேர்கோட்டில் அளந்துவிட்டது. பாலம் வழியாகச் சுற்றி வர அரைமணி நேரமாகும். சாலைத் தூரத்துக்கு மாற்ற ஒரு வாரம் கேட்டேன்.

“ஏலே, மேப்புல ஒரு கிலோமீட்டர்தான காட்டுது? திங்கக்கெழம செயலிய வெளிய விட்டுருவோம்” என்றார் முதலாளி.

“ஆம்புலன்ஸ் என்ன நீந்தியா வரும், அண்ணாச்சி?”

“அப்பம் ஒரு படகு வாங்கிருவோம்லே!”

எல்லாரும் சிரித்தார்கள். நெஞ்சுவலியில் கிடப்பவனிடம் போய்ச் சிரிக்கட்டும்.

1. நாளையே சாலைத் தூரத்தை எழுதத் தொடங்குவேன்.
2. ஞாயிற்றுக்குள் முடியாவிட்டால், அக்கரை வண்டிகளைத் தேடலில் மறைப்பேன்.
3. அதுவும் வேண்டாம் என்று முதலாளி சொன்னால், திங்களன்று வெளியிடும் பொத்தானை அவரே அழுத்தட்டும். நான் அழுத்த மாட்டேன். வேலை போனால் போகட்டும்.