மாத்திரை ஒட்டும் இடம்

ஜூன் 4

அன்புள்ள கண்ணு,

அப்பாவின் மானம் போன கதையை முதலில் கேள். பஸ் டெப்போவில், "எம் பொண்ணு வெளிநாட்டுல போட்டோ எடுக்கிறா" என்று பீற்றியிருந்தேன். நேற்று கேன்டீனில் டைம் கீப்பர், "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாளா? ஆல்பத்துக்கு எவ்ளோ ஆகும்?" என்று கேட்டுவிட்டார். ஆளையெல்லாம் எடுக்கமாட்டாள், உடம்புச் செல்லுக்குள் இருக்கும் புரதத்தை எடுப்பாள் என்றேன். "அது சிரிக்குமாண்ணே?" என்றான் என் கண்டக்டர். நழுவினேன், அதுவும் நொண்டிக்கொண்டே. கால் கட்டைவிரல் மறுபடி வீங்கியிருக்கிறது. டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டின் நகல் இதோடு இருக்கிறது. படித்தவள், பார்த்துச் சொல்.

அப்பா

ஜூன் 19

அன்புள்ள அப்பா,

சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நாங்கள் இங்கே மல்லுக்கட்டும் புரதக் குடும்பத்தில் ஒன்றில்தான் உங்கள் மாத்திரை போய் ஒட்டுகிறது. செங்கல் மாதிரி அடுக்காகி, குழாயாக நின்று, செல்லைத் தாங்குவது அது. மாத்திரை ஒட்டினால் குழாய் எழும்பாது. மூட்டுக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் தடுமாறும். வீக்கம் அடங்கும்.

பாக்டீரியாவில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. இரண்டின் அமினோ அமில வரிசையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் உறவே தெரியாது. மடிந்து நிற்கும் வாகு மட்டும் அச்சு அசல். பாக்டீரியாவின் இடுப்பில் வளையமாக நின்று அதை இரண்டாக்கும். அந்த வளையத்தைத்தான் உறைய வைத்துப் படமெடுக்கிறேன். மூன்று வருஷமாக மங்கல்தான். இன்னும் இரண்டு வருஷம் இரு என்கிறார் பேராசிரியர். அலுத்துவிட்டதப்பா. அம்மாவும் இல்லாத வீட்டில் நீங்கள் தனியாக நொண்டுகிறீர்கள். விட்டுவிட்டு வந்துடட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் மகள்

ஜூலை 2

கண்ணு,

உன் கடிதத்தை கேன்டீனில் சத்தமாக வாசித்தேன். பங்காளி என்றதுமே டைம் கீப்பருக்குப் புரிந்துவிட்டது. "ஜாடை இருக்கும், பேச்சுவார்த்தை இருக்காது" என்றார். எனக்கு அந்த அளவுகூட விளங்கவில்லை. ஆனால் மாத்திரையை இப்போது மரியாதையோடு விழுங்குகிறேன்.

நான் லைசென்ஸ் வாங்க நாலு தடவை போனவன். மூன்றாம் தடவை ரிவர்ஸில் அதிகாரியின் நாற்காலியையே சாய்த்தேன். அவர் அதில் இல்லை, நல்லவேளை. "இன்னொரு தடவை போய்ட்டு வாங்க" என்று உன் அம்மாதான் துரத்தினாள். நானும் அதையே சொல்கிறேன். இரு. படம் தெளியட்டும். கால் தேவலை, நேற்று முழு ஷிப்ட் ஓட்டினேன்.

அப்பா

ஜூலை 2, சாயங்காலம்

கண்ணு,

உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். இது மாத்திரை அட்டைக்குப் பின்னால் எழுதுவது, வீட்டிலேயே கிடக்கும். கேன்டீனில் ஒரே ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். வந்துடட்டுமா என்று நீ கேட்ட வரி. வாசித்திருந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும், பதில் சொல்லியிருப்பேன்.

வந்துடு.