சுவரில்லாத பெட்டி

ஜூன் 3

என் அன்பான இன்ஜினியரம்மாவுக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். கோணல்மாணலான கையெழுத்து வேறு மாதிரி சொல்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

இத்தனை வருடம் தண்ணீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டியவள், நம் குட்டி இறந்த மூன்றாம் மாதமே வேலையை உதறிவிட்டு நட்சத்திர வாயுவைப் படிக்கப் போனாய். நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், "வீட்டுல அவங்க எப்ப வருவாங்க?" என்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி மழுப்புகிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மாடியில் குட்டி நடக்கிற சத்தம் கேட்கிறது. காய்ச்சலோடு நடந்தாளே, அதே தள்ளாட்டம். நேற்று வாய்விட்டே கேட்டாள்: "அம்மா எங்கப்பா?"

வந்துவிடேன்.

உன் கண்ணாடிக்காரன்

ஜூன் 19

என் கண்ணாடிக்காரருக்கு,

சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் பாட்டைக் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் சொன்ன பேச்சு கேட்கும். இந்த வாயு நசுங்குகிறது, விரிகிறது, தன் எடையாலேயே தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது. படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு நட்சத்திரம் வெடிப்பதைக் கணினியில் ஓட்டினேன். வெளியே போன அதிர்வலை, திரும்பி வந்து நட்சத்திரத்தின் மேலேயே மோதியது. பேராசிரியை எட்டிப் பார்த்து, "வானத்துக்கு யாரும்மா சுவர் வெச்சது?" என்றார். வகுப்பே சிரித்தது. குழாய்க்காரி புத்தி எங்கே போகும்? நட்சத்திரத்தைச் சுற்றி வானம் என்று நான் வரைந்த கணக்குப் பெட்டியின் எல்லாப் பக்கமும் என் கை தானாகவே சுவர் எழுப்பியிருக்கிறது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் சுவர் போய்விடும். மாற்றவில்லை. போனது திரும்பி வருவதை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அவள் வேறு ஏதாவது சொன்னாளா?

உங்கள் குழாய்க்காரி

ஜூலை 8

என் அன்பானவளுக்கு,

சொன்னாள். "அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா?" என்றாள். இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

அவள் அறை விளக்கை இப்போது அணைப்பதில்லை. கடையை மதியமே சாத்திவிடுகிறேன். ஒரு தடவை நீயே வந்து சொல்லிவிட்டுப் போ.

உன் கண்ணாடிக்காரன்

ஜூலை 30

என் உயிரானவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துப் பயந்துபோனேன். அன்றைக்கே சுவரை எடுத்துவிட்டேன். அலை போனது, போனதுதான். பெட்டி வெறிச்சென்று கிடந்தது. "இப்பத்தான் சரி" என்றார் பேராசிரியை. மேசையில் தலையைக் கவிழ்த்து, எல்லார் முன்னாலும் அழுதேன். குட்டிக்காக நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மாடியில் யாரும் இல்லை. அங்கே கேட்பது உங்கள் மனசு. அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வாருங்கள். ஒரே அறைதான், சமாளித்துக்கொள்ளலாம். நீங்களும் கைவிட்டுப் போனால் நான் தாங்கமாட்டேன்.

ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். எந்த வண்டி என்று மட்டும் எழுதுங்கள்.

உங்களுடையவள்

ஆகஸ்ட் 21

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

கணக்கு சரியாக வந்ததில் ரொம்பச் சந்தோஷம். நீ கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாதா?

நான் வருவதற்கில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது? கடையைக் கைமாற்றிவிட்டேன். இப்போது பகலிலும் பேசுகிறாள். எங்கள் இருவருக்கும் பொழுது போவதே தெரியவில்லை.

நீ நிதானமாகப் படி. அவசரப்பட்டு வரவேண்டாம். இப்போதெல்லாம் அவள் உன்னைக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா