பின்கதவில் இரண்டு சைக்கிள்

என்னங்க,

காரில் சைக்கிள் ரேக் மாட்ட ஜெகன் பதினொரு மணிக்கு வருவார். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. கூரையில் மாட்டச் சொல்லாதீர்கள். சைக்கிளோடு உள்ளே வந்தால் நம் பார்க்கிங் பீமில் இடிக்கும், டேப் வைத்து அளந்துவிட்டேன். பின்கதவில் மாட்டுவதுதான் சரி. அதுவும் இரண்டு சைக்கிள் தாங்குகிற ரேக்!

"இருக்கறது ஒரு சைக்கிள், ரெண்டுக்கு எதுக்குடி?" என்று காலையில் கத்தினீர்களே. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்றுதான் பதில் சொல்லவில்லை.

என் முழங்கால் காயம் படியில் விழுந்ததால் வந்ததல்ல. ஒரு மாதமாகக் கீழ்வீட்டு தாட்சாயிணி அக்கா எனக்கு சைக்கிள் கற்றுத் தருகிறார். "பெடலை இன்னாத்துக்கும்மா பாக்குற? ரோட்டைப் பாரு!" என்று தினமும் திட்டு. நேற்று விழவே இல்லை!

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் என் சைக்கிள் தயார். எடுக்கத்தான் போகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை பூண்டி ஏரிக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம்.

தோசை மாவு வெளியே இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிரியா

பி.கு.: ஓட்டிக்கொண்டேதான் வருவேன். பன்னிரண்டு மணிக்கு கேட்டில் நில்லுங்கள். வளைவில் திருப்பப் பழகிவிட்டேன், நிறுத்தத்தான் இன்னும் சரியாக வரவில்லை. பிடித்துக்கொள்ளுங்கள்.