கயிற்றுக் கொட்டகைக்கும் ஒரு நாள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடி, சண்டை போட்டு, சமாதானமாகி நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் எங்கள் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஒன்றுதான் அவளுக்கு எதிரி. குளியலறை ஒழுகலை ஒருவழியாகச் சரி செய்தாயிற்று, பிளம்பர் அந்தப் பக்கம் போனதும் அடுப்படியில் ஒழுக ஆரம்பித்தது, அது வேறு கதை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நம் தெருமுனை சலூன்காரர். நடுவில் சவரத்துக்கு ஆள் வந்தால் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுப்பார், அதனால் எங்கேயாவது பேச்சு விட்டுப்போயிருந்தால் அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே. போனில் சொல்லலாமே என்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள், எனக்குக் காது மந்தம் என்று அதற்கு ஒரு காரணம் வேறு. இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் நம்பருக்கு அனுப்பிவிடுவதாகச் சலூன்காரர் சொல்கிறார்.

நீ கடற்கரைப் பயணத்துக்குத் திட்டம் போட்டு அனுப்பினதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். பையை அடுக்குகிறேன், பிரித்து மறுபடி அடுக்குகிறேன். 'இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, இப்பவே சட்டையை மடிச்சு வச்சா உங்களுக்கு முன்னாடி கரையான் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வந்துடும்' என்கிறாள் உன் அம்மா. நம்மைக் கூட்டிப்போகப்போகிற வேன்காரரைக் கூப்பிட்டு நீ அனுப்பியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதலில் பாறைக் கரை, பிறகு மணல் மேடு, காயல், செம்மண் குன்று, கடைசியில் பேத்தி சிப்பி பொறுக்க வெள்ளை மணல். கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்து நின்றது, ஆனால் கடல் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி வந்து நின்றது. அந்தச் சரக்குக் கப்பலில் கயிறு இழுத்த காலம் முழுக்க அந்தக் கரையோரமாகவே போய் வந்தவன் நான். செம்மண் குன்று விடிகாலையில் யாரோ சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பாறைக் கரையில் அலை வெள்ளையாக எழும்பினால் எங்கள் கேப்டன் 'பல்லைக் காட்டுறா, ஒதுங்கிப் போங்கடா' என்று கத்துவார். அதில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. அந்தப் பழைய மிதப்பில் வேன்காரரிடம், மணல் மேட்டுக்கும் காயலுக்கும் கூப்பிடு தூரம், காலையில் இது மத்தியானம் அது, நடுவில் லைட்ஹவுஸையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. 'பெரியவரே, நீங்க போனது தண்ணி, என் வண்டிக்கு ரோடு வேணும். நடுவுல ஆறு வந்து கடல்ல விழுது, பாலம் எங்கயோ உள்ள தள்ளி இருக்கு, சுத்திக்கிட்டு வந்தா பொழுது சாஞ்சிடும்' என்றார். கப்பலில் ஒரு டீ குடித்து முடிக்கிற தூரம் ரோட்டில் அரை நாள் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொள்கிறேன். ஆகவே போன வாரம் போனில் நான் சேர்க்கச் சொன்னதை எல்லாம் அழித்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா வரப்போவதில்லை. உன்னிடம் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இழுக்கிறாளே, அதற்கு அர்த்தம் அதுதான். கடலை அவள் என் மூத்த சம்சாரம் என்றுதான் சொல்லுவாள், உனக்குத் தெரியுமே. 'மூத்தவளைப் பார்க்க நான் எதுக்கு, நீங்க போய் உக்காந்து பழங்கதை பேசிட்டு வாங்க. கடல்னா என்ன, தண்ணிதானே, குழாயைத் திறந்தா இங்கயே வருது' என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன், என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். அப்படி இருந்தவள் மாறியதைக் கேள். வேன்காரரோடு நான் வழிக்காக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம்தானே எங்கள் கப்பல் இன்ஜின் கெட்டு மழைக்காலம் பூராவும் கிடந்த துறைமுகம் என்று பேச்சுவாக்கில் என் வாயில் வந்துவிட்டது, அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. ஈரக் கையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வேன்காரரிடம் 'அந்த ஊருக்கு உங்க வண்டி போகுமா' என்று கேட்டாள். 'போகும்மா, மெயின் ரோட்டை விட்டு ரொம்ப உள்ள இறங்கணும், அங்க என்ன இருக்கு, ஐஸ் பேக்டரியும் ஈயும்தான்' என்றார் அவர். 'அங்க போறதா இருந்தா நான் வர்றேன்' என்றாள். அவர் போனபிறகு என்ன நினைத்தாளோ, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'பிள்ளை ஆசையா போட்ட திட்டம், என்னால எதுவும் கலைய வேண்டாம், அவகிட்ட மூச்சு விடாதீங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்' என்று அதையும் முடித்துவிட்டாள்.

உனக்கு அந்த மழைக்காலம் நினைவிருக்க நியாயமில்லை, நீ அப்போது அவள் இடுப்பில் இருந்தாய். எங்கள் இன்ஜின் தண்டு உடைந்து, மாற்றுத் தண்டு வருவதற்குள் கடல் பொங்கிவிட்டது, ஊருக்கு இருந்த ஒரே பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கேப்டன் வயர்லெஸ்ஸில் கம்பெனிக்குத் தகவல் சொன்னார், கம்பெனி வீடுகளுக்குச் சொல்லவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி உன் அம்மா அந்த ஆபீஸில் போய் நிற்பாளாம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற குமாஸ்தா 'வரும்போது வரும்மா' என்பாராம். பக்கத்து வீட்டம்மா துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து உட்கார்ந்ததற்கு, 'என் வீட்டுல யாரும் சாகலை, எழுந்திருங்க' என்று அனுப்பிவிட்டாளாம். இதெல்லாம் அந்தப் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பி வந்து வாசலில் நின்றபோது உன் அம்மா சொன்னது 'செருப்பை வெளியில விடுங்க, ஒரே சேறு', அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. இப்போது காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்கிறாள். எங்கே படுத்தீங்க என்கிறாள், துறைமுகத்தில் கப்பல் கயிறுகளைப் போட்டுவைக்கிற கயிற்றுக் கொட்டகையில் என்றேன். கூரை ஒழுகுமா என்கிறாள், ஒழுகும் என்றேன். யார் சமைச்சது, இன்ஜின்காரர், அவருக்குச் சமைக்கத் தெரியுமா, தெரியாது, அதனால்தான் நான் இளைத்து வந்தேன் என்றேன், சிரிக்கவில்லை. நேற்று, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்குத்தான் எதுவும் மறக்காதே, ஜன்னல் கிடையாது, கதவுதான், கதவைத் திறந்தால் இடிந்த பாலம் தெரியும் என்றேன். 'தினம் பார்த்தீங்களா' என்றாள். தினம்தான் என்றேன். நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதனால் நீ அந்த ஊரைச் சேர்த்துவிடம்மா. வேன்காரர் கணக்குப்படி அதைச் சேர்த்தால் காயலும் செம்மண் குன்றும் விட்டுப்போகும். கடலைப் பார்த்த மாதிரி அறை பிடித்திருக்கிறாய், அதையும் மாற்ற வேண்டிவரும். மாப்பிள்ளை 'லீவு போட்டு வந்து ஐஸ் பேக்டரியைப் பார்க்கவா' என்று கேட்டால் அவர் கேட்பதும் நியாயம்தான், பக்குவமாக எடுத்துச் சொல். பேத்தியின் சிப்பிக் கரையில் மட்டும் கை வைக்காதே. செம்மண் குன்றில் ஒரு தடவை ஏறி நின்று, நாங்கள் போய் வந்த தண்ணீரை அங்கிருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, இருக்கட்டும். 'பெரியவரே, இதை எழுதணுமா, பிள்ளை மனசு சங்கடப்படாதா' என்று சலூன்காரர் கேட்கிறார். எழுதத்தான் சொன்னேன். விட்டுக்கொடுப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.

வேனில் முன் சீட்டு அம்மாவுக்கு, கால் நீட்ட வசதியாக இருக்கும். பேத்திக்கு வளைவு ரோட்டில் குமட்டும், வெறும் வயிற்றோடும் ஏற்றாதே, வயிறு முட்டவும் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீயாக யோசித்து அந்த ஊரைச் சேர்த்த மாதிரி சொல், அதிகம் நடிக்காதே, உனக்கு நடிப்பு வராது. என் கலக்கம் இப்போது ஒன்றுதான், அங்கே போய் இறங்கி அவள் எதைப் பார்ப்பாள்? அது பலகைக் கொட்டகை, எப்போதோ மக்கியிருக்கும். மேலே இருந்து எந்த ஊரையும் போனிலேயே பார்க்கலாமாம், தேடட்டுமா என்று சலூன்காரர் கேட்டார், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். நீயும் பார்க்காதே. எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, உன் அம்மாவுக்கு என் மூஞ்சியைப் படிக்கத் தெரியும், எனக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவளுக்கும் தெரிந்துவிடும், பிறகு வண்டியில் ஏறமாட்டாள். கொட்டகை இருந்தால் கொட்டகையைப் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் என்னை நிற்கவைத்துப் பார்க்கட்டும்.

மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக வாழவேண்டும். அறையை மாற்றுவதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப் போடாதே.

எந்நேரமும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
உன் அப்பா
(சொன்னது நான், கை சலூன்காரருடையது)