செவ்வாய்க்கிழமைக் கட்டம்

நாசரேத்
24.9.1976

அன்புள்ள ரோச் அண்ணாச்சிக்கு,

நலம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ரெஜினாவுக்கு டி.சி. கேட்டீர்கள் என்று தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பில் கணக்குக்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு மாதமாக வகுப்புச் சுவரில் பெரிய கட்டத்தாள் ஒட்டி, வீட்டுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு பத்தி என்று உங்கள் ஊரில் அன்றன்று பிடிபட்ட மீன்பாட்டைக் கிலோக் கணக்கில் எழுத வைத்தேன். குறுக்கே கூட்டினாலும் கீழே கூட்டினாலும் ஒரே விடை வரவேண்டும். முதலில் பிடித்துக்கொண்டவள் அவள்தான். இப்போது நிறுத்துவது மடத்தனம். காரணத்தை எழுதுங்கள்.

செல்வதுரை

கீழவைப்பார்
27.9.1976

வாத்தியார் ஐயாவுக்கு, சேசுவுக்கே தோத்திரம்.

பரீட்சை முடிந்த அன்று நாங்கள் எல்லோரும் உங்கள் தாளைப் பார்க்க வந்தோம். என் அண்ணன் ஜேசுதாசன் கடலோடு போன செவ்வாய்க்கிழமையில் எல்லா வீட்டுக்கும் சுழி. என் வரிசையில் மட்டும் பதினாலு கிலோ. பிரேதம் கரை சேரும்வரை இந்த ஊரில் யாரும் வள்ளம் இறக்கமாட்டோம். "அண்ணன் கடல்ல கெடக்கையில தம்பி வலை வீசியிருக்கானே!" என்று பெண்டுகள் அங்கேயே ஏசினார்கள். ஊர்க்கமிட்டி என் வள்ளத்தைக் கட்டிப்போட்டது. "ஏளா, நீயா எழுதுனே?" என்று பிள்ளையைக் கேட்டேன். "நான் அன்னைக்குப் பள்ளிக்கூடமே போகலியேப்பா" என்று அழுகிறாள்.

அன்று இருட்டிப் பிரேதம் ஒதுங்கும்வரை நான் அண்ணனைத் தேடிக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன், ஐயா. ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடுகிறது. வந்து உண்மையைச் சொல்லுங்கள்.

ரோச்

நாசரேத்
29.9.1976

அண்ணாச்சி,

அந்தப் பதினாலை எழுதியவன் நான். ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. பெற்றோர் வரும்போது தாள் அரைகுறையாகத் தெரியக்கூடாது என்று, உங்கள் மற்ற நாட்களின் சராசரியைப் போட்டு நிரப்பினேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு விட்டுப்போனால் அப்படிச் செய்வது உண்டு.

சாவு எனக்குத் தெரியும். மேலும் கீழும் சுழியாக இருந்ததும் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்கப் பொறுமை இல்லை. ரெஜினாவிடம்கூடக் கேட்கவில்லை. எழுதவே கூசுகிறது. கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நேரில் வந்து நிற்க முகம் இல்லை. மன்னியுங்கள்.

செல்வதுரை

கீழவைப்பார்
4.10.1976

வாத்தியார் ஐயாவுக்கு,

உங்கள் காகிதத்தைப் பங்குச் சாமியார் கூட்டத்தில் வாசித்தார். கமிட்டி நம்பியது. இன்று காலை என் வள்ளம் இறங்கியது. அண்ணனைப் பறிகொடுத்த மதினியும் என்னோடு பேசிவிட்டாள். அதில் குறை இல்லை.

ரெஜினாதான் கூட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை. பஸ் வரும் பக்கமே பார்த்து நின்றாள். "எங்க சார் வாராவ, அவியளே வந்து சொல்லுவாவ" என்று கூட்டாளிப் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். முதலில் டி.சி. கேட்டது நான். நேற்றுக் கூட்டம் கலைந்ததும் கேட்டது அவள்.

தடுக்காதீர்கள்.

ரோச்