எல்னாவின் காப்பா விதைப்பாடு

பியோர்க்குல்ட், ஸ்மோலாந்து
ஜூன் 1888, நடுக்கோடை விழாவுக்கு முந்தைய வாரம்

அன்பு மகள் எல்னாவுக்கு,

கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் பசுவும் உயிரோடு இருக்கிறோம், அதில் பசுவின் உடம்புதான் மெச்சும்படி இருக்கிறது. நீ அந்தச் சிக்காகோ வீட்டில் அடுப்புக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இளைத்துப்போகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். தேவாலய மணியின் மேல் கைவைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீ நம்ப மாட்டாய், உன் எஜமானியம்மாள் நம்ப மாட்டாள், எழுதுகிற எனக்கே பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வேலையெல்லாம் முடித்துக் காப்பியோடு உட்கார்ந்து படி.

நீ பனிக்காலத்தில் போட்ட கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். இங்கே கடையில் வேண்டிய மட்டும் பருத்தித் துணி கிடைக்கிறது, என் ஆளிக்கொல்லை இனி எனக்கு எதற்கு, அதை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று. அந்த வரியை நான் சத்தம்போட்டுப் படித்தேன், உன் அம்மா எழுந்துபோய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினாள். நீ பிறந்த வருஷம், பீப்பாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, ஒரு காப்பா விதை அளந்து, அது விதைக்கக் காணும் மட்டும் கொல்லையின் கடைக்கோடியில் உனக்கென்று ஒதுக்கினோம், உன் கல்யாணத்துக்கு வேண்டிய துணிக்கெல்லாம் ஆளி நார் அங்கேதான் விளைய வேண்டும் என்று. அதையே நீ வேண்டாம் என்ற பிறகு எனக்கு எந்த நிலமும் வேண்டியதாகத் தோன்றவில்லை. என் இடுப்போ, கலப்பையைக் கண்டாலே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறது. அதனால் வேலிக்கு அந்தப்புறத்து ஹோக்கனிடம் பேசினேன். களஞ்சியத்திலிருந்து கீழே ஒரு பீப்பாய் விதைப்பாடு அவனுக்கு, பதிலுக்கு என் மிச்ச நிலத்தை நான் மண்ணுக்குள் போகும்வரை அவன் உழுது தரவேண்டும். உன் கொல்லை அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்தேதான் பேசினேன். நீ வேண்டாம் என்றுவிட்டாயே.

ஹோக்கனை உனக்குத் தெரியும். அவன் வீட்டு ஹெர்ரிங் மீனின் நிழலைத் தொட்டுக்கொண்டே ஒரு குடும்பம் முழுக்கச் சாப்பிட்டுவிடும். சங்கிலி போட்டு அளக்கிற அதிகாரியை வரவழைப்போமா என்று கேட்டேன். துள்ளி எழுந்தான். "அந்த ஆளு வந்தா மூணு வேளை திம்பான், நாலு வேளை குடிப்பான். நமக்கு விதைதான்ணே சங்கிலி. ஒரு பீப்பா வாற்கோதுமை எங்க தீருதோ அங்க எல்லை" என்றான். அதோடு ஒரு பிடிவாதம், பீப்பாயைத் தலை தட்டி அளக்கக் கூடாதாம், விளிம்புக்கு மேல் குவித்துக் கும்பாரமாக அளக்க வேண்டுமாம், வாங்குகிறவனுக்குக் கும்பாரம் என்பது அவன் பாட்டன் காலத்து நியாயமாம். "இந்த வருசத்தோட எல்லாம் முடிஞ்சுதுண்ணே. புது வருசம் பொறந்தா லிட்டராம், ஹெக்டேராம். லிட்டருக்குக் கும்பாரமே கிடையாதாமே! இதென்ன அளவு, மொட்டத்தல அளவு!" என்று அழாத குறையாகப் புலம்பினான். மாட்டை விற்றவன் கயிற்றுக்கு அழலாமா, சரி என்றுவிட்டேன்.

விதைப்பு நாளன்று அவன் அளந்த அழகை என்னவென்று எழுதுவேன். பீப்பாய் நிரம்பின பிறகுதான் வேலையையே தொடங்கினான். மணி மணியாக அடுக்கி, மூச்சை அடக்கி, அவன் எழுப்பின கும்பாரத்தின் உச்சியில் மதியத்துக்குள் காகம் கூடு கட்டிவிட்டது, மேல் பாதியில் மே மாதத்திலும் பனி உருகவில்லை. நான் தும்மப் போனேன், "யோவ், தும்முறதா இருந்தா உன் நெலத்துல போய்த் தும்முய்யா!" என்று கத்தினான், அண்ணனெல்லாம் ஓடிப்போயிற்று. பிறகு அந்தக் கும்பாரத்தை மட்டும் வழித்து ஒரு தனிக் கூடையில் கடைசிக்கு என்று வைத்துக்கொண்டு, பீப்பாய் விதையைத் தூவத் தொடங்கினான். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே குதிரை வண்டி திரும்பலாம். முளைத்த பயிர்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டுமானால் கடிதம்தான் போட்டுக்கொள்ள வேண்டும், நம்மைப் போல. காற்று வேறு அடித்தது, அதில் பறந்த ஒரு மணி டென்மார்க்கில் முளைத்து அங்கே அரசருக்கு வரி கட்டுவதாகக் கேள்வி. "ஹோக்கா, இப்படித் தூவுனா அறுக்குறப்போ அரிவாள் வேணாம், இடுக்கி போதும்டா" என்றேன். "வயித்துக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம், இந்த வருசம் எல்லைக்கு" என்றான்.

பீப்பாய் எங்கே தீர்ந்தது தெரியுமா எல்னா, உன் கொல்லையின் ஓரக்கல் இருக்கிறதே, நீ உட்கார்ந்து காலை ஆட்டுவாயே, அதன் அடியில். அதற்கு மேல் மிச்சம் இருந்தது அந்தக் கூடைக் கும்பாரம் மட்டும்தான், அதுவும் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு காப்பா. உன் கொல்லையை முழுசாக விழுங்குகிற அளவு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாக்குக் கொடுத்தவன் நான், கும்பாரத்துக்குத் தலையாட்டினவனும் நான், எந்த முகத்தோடு வாயைத் திறப்பது. நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மா கொல்லை நடுவில் மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். பேரம் முடிந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை அவள், கஞ்சியைக்கூடச் சத்தத்தோடுதான் வைப்பாள். ஹோக்கன் கூடையோடு கல்லுக்கு அந்தப்பக்கம் நின்றபடி, "சிஸ்ஸா அக்கா, கொஞ்சம் எந்திரிங்க, விதைக்கணும்" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை, "இது எல்னா பங்கு" என்றாள். "அவதான் வேணாம்னு எழுதிட்டாளாமேக்கா" என்றான் அவன். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம்னுதான் எழுதுவா. அம்மா எனக்கு வீட்டு நெனப்பாவே இருக்குன்னு எழுதினா, இந்த மனுசன் ராத்திரி தூங்குவாரா?"

ஹோக்கன் கூடையைப் பார்த்தான். கொல்லையைப் பார்த்தான். கூடையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். பிறகு என் பக்கம் திரும்பி, பல் வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "புது வருசத்துலருந்து கும்பாரம் கிடையாதுல்ல, இப்பவே பழகிக்கிட்டா நல்லதுண்ணே" என்றான், கூடையோடு வேலியைத் தாண்டி நடந்தே போய்விட்டான். அன்று சாயங்காலம் உன் அம்மா மச்சிலிருந்து ஒரு மண்ஜாடியை இறக்கிக் கொண்டுவந்தாள். நீ போன வருஷத்து ஆளி விதை, ஒரு மணி குறையாமல். நீங்கதான் தூவணும் என்றாள், என்னோடு அவள் பேசின முதல் வார்த்தை அது. தூவினேன். ஹோக்கன் மாதிரி இல்லை, நெருக்கமாக.

எனக்கு வருத்தம் நிலம் போனதில் இல்லை மகளே. நீ எழுதின அந்த ஒரு வரியை நான் தலை தட்டி அளந்துவிட்டேன், உள்ளது இவ்வளவுதான் என்று. உன் அம்மா கும்பாரத்தோடு அளந்திருக்கிறாள். இத்தனை பொய் கட்டத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண் சொன்ன சின்னப் பொய் பிடிபடாமல் போயிற்றே என்று படுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை, கப்பல் பயணம் சாமானியமா, உன் வாழ்க்கை இப்போது அங்கே. ஆனால் இனிமேல் வருத்தம் இருந்தால் வருத்தம் என்றே எழுது, நான் தூங்காவிட்டால் பரவாயில்லை, இந்தக் கோடையில் எங்கே இருட்டுகிறது தூங்குவதற்கு. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போ, கடை ரொட்டியை நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒன்றை மறந்துவிடாதே. உன் அறை ஜன்னலின் அகலமும் உயரமும் எவ்வளவு என்று அம்மா கேட்கிறாள், நார் எடுத்து நூற்றுத் திரை நெய்து அனுப்ப வேண்டுமாம். முழக்கணக்கில் எழுது. அமெரிக்க அடிக்கணக்கை எழுதினால் அவள் என் பாதத்தை வைத்துத்தான் அளப்பாள், உன் ஜன்னலுக்குத் தேவாலயத் திரை வந்து சேரும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், கும்பாரமாக. காகக் கூடு பொய், பனி பொய், டென்மார்க் பொய். ஹோக்கன் அந்தக் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது மட்டும் நிஜம். உன் கொல்லையில் ஆளி ஒரு சாண் உயரம் நிற்கிறது.

என்றும் உன்னை நினைக்கிற உன் அப்பா,
த்ரூல்ஸ்